நான்காவது மன்றாட்டு

கோயில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் தினமும் இரண்டு வரி எழுதியிருக்கும். மேல் வரியில், அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாள் என்பது. கீழ் வரியில், உலகம் அன்றைக்கு யாரை, எதை நினைத்துக்கொள்கிறது என்பது: தண்ணீர் நாள், அகதிகள் நாள், குழந்தைத் தொழில் எதிர்ப்பு நாள், இப்படி. முன்பு இங்கே சாமியாராக இருந்த பங்குத்தந்தை ஒருவர் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. "வானத்தையும் பாருங்க, தெருவையும் பாருங்க" என்பார். அவர் மாற்றலாகிப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பலகை ஒரு நாள்கூட வெறுமையாக இருந்ததில்லை, ஏனென்றால் அதை எழுதுகிறவள் அப்படிப்பட்டவள்.

விடியற்காலையில் வந்து கோயிலைப் பெருக்குவாள். பிறகு பங்கின் நாட்காட்டியையும், வங்கிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேற்றைய இரண்டு வரிகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இன்றைய இரண்டு வரிகளை எழுதுவாள். கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். பத்தாவது வரை படித்ததில் மிச்சம் அதுதான் என்று அவளே சொல்வாள். எந்தத் தேதியைக் கேட்டாலும் இரண்டு வரியும் நாக்கு நுனியில் இருக்கும். அதனால் ஊரே அவளைக் காலண்டரக்கா என்று கூப்பிட்டது.

பலகைக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்துக்குப் பார்ப்பது வீட்டுவேலை. பத்தொன்பது வயதில் துடைப்பத்தைக் கையில் எடுத்தவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு. காலையில் மருந்துக்கடைக்காரர் வீடு, மதியத்துக்கு மேல் டீச்சரம்மா வீடு. கணவர் லாரி ஓட்டியவர். ஒரு தடவை லாரி மட்டும் திரும்பி வந்தது. விபத்தெல்லாம் ஒன்றுமில்லை, ஐயா வேறொரு ஊரில் வேறொரு குடித்தனம் போட்டுவிட்டார். ஒரு வாரம் அழுதாள். அதோடு அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள்.

மகள் ஒருத்தி, பதினொரு வயது. பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் கோடை விடுமுறைக்கும் விடுதியிலேயே இருந்துவிடுவாள். இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம் போக வேண்டும். பெற்றோர் போய்ப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி, பத்து மணியிலிருந்து நாலு மணிவரை. வீடியோவில் பேசலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. விடுதியில் பிள்ளைகள் கையில் போன் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளையோடு பேச வேண்டுமென்றால் எதிரில் உட்கார்ந்து கையைப் பார்க்க வேண்டும், கையால் பதில் சொல்ல வேண்டும், வேறு வழியே இல்லை.

வீட்டுவேலை செய்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு அன்றைக்குத்தான் விருந்தாளிகள் வருவார்கள், அடுப்பங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. வாரத்தில் ஏழு நாளும் வேலை. அந்த வீட்டுக்காரர்கள் வெளியூர் போனால் இவளுக்கு விடுமுறை.

அப்படித்தான் ஜனவரியில், மூன்று இராசாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, மகளைப் பார்க்கப் போனாள். பிள்ளையின் கை பறந்தது. பள்ளியில் புதிது புதிதாகச் சைகைகள் கற்றிருந்தாள், இவளுக்குப் பாதி புரியவில்லை. மெதுவாகச் சொல் என்றாள். பிள்ளை மெதுவாகச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. மூன்றாவது தடவை பிள்ளை கையை உதறிவிட்டாள். 'ஒண்ணுமில்ல, விடு.' அந்தச் சைகை மட்டும் தாய்க்கு நன்றாகவே புரிந்தது. பெற்றோருக்கும் சைகை வகுப்பு உண்டு, ஞாயிறு பதினொரு மணிக்கு, தொடர்ந்து வந்தால்தான் பிள்ளைக்கு ஈடுகொடுக்க முடியும் என்று பள்ளியில் சொன்னார்கள். வாசலில் விடைபெறும்போது பிள்ளை கேட்டாள், 'உனக்கு லீவே கிடையாதா?' அதுவும் புரிந்தது. பதில் சொல்லச் சைகை தெரியாமல் இல்லை, பதில்தான் இல்லை.

பஸ்ஸில் வரும்போது அவளை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் இந்தப் பிள்ளை என்னிடம் பேசுவதையே விட்டுவிடும் என்ற பயம்.

ஈஸ்டருக்குப் பிறகு மூன்று தடவை மருந்துக்கடையம்மாவிடம் லீவு கேட்டாள். மூன்று தடவையும் ஒரே பதில். "இந்த ஒரு வாரம் மட்டும் சமாளிச்சிடு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்." அந்தம்மா கெட்டவர் இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார், பிறந்தநாளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். நல்லவர்களிடம் வேலை பார்ப்பதில் உள்ள தொல்லையே அதுதான். சண்டை போடவும் மனசு வராது, லீவும் வராது.

அப்புறம் மே ஒன்றாம் தேதி வந்தது. பலகையில் அன்றைக்கு மேல் வரியும் கீழ் வரியும் கைகோத்துக்கொள்ளும். மேலே, தொழிலாளரான புனித யோசேப்பு. கீழே, உலகத் தொழிலாளர் நாள். அவளுக்கு மிகவும் பிடித்த நாள். அன்று பங்கில் தொழிலாளர் அத்தனை பேருக்கும் விருந்து. கொத்தனார், தச்சர், தையற்காரர், ஓட்டுநர், மின்சார வேலைக்காரர் என்று ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து ஒரு ரோஜாவும் ஒரு மெழுகுவத்தியும் கொடுத்தார்கள். உழைப்பின் மாண்பு பற்றிப் பங்குத்தந்தை உருக்கமாகப் பேசினார். ஒலிபெருக்கி நன்றாக இருந்ததால் சமையல் கொட்டகையின் பின்பக்கம் வரை கேட்டது. அங்கேதான் காலண்டரக்காவும் வீட்டுவேலை செய்யும் இன்னும் ஐந்து பெண்களும் நூற்றிருபது தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருத்திக்குச் சில்வண்டு என்று பட்டப்பெயர். வாயை மூடினால் மூச்சு முட்டும் ரகம். தட்டு கழுவிய தண்ணீரை உதறிக்கொண்டே அவள் கேட்டாள், "ஏன்க்கா, நம்மள மேடைக்குக் கூப்பிடலயே, நாம என்ன தொழிலாளி இல்லயா?"

மருந்துக்கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவையின் துணைத்தலைவர் அவர், மேடைக்கு அழைக்கப் பட்டியல் போட்டவரும் அவரே. கேள்வி காதில் விழுந்துவிட்டது. "அட, நீங்கல்லாம் எங்க வீட்டு ஆளுங்கம்மா. வீட்டு மனுஷங்களுக்கு யாராவது மேடை போடுவாங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார். மனிதர் மனதாரத்தான் சொன்னார். காலண்டரக்கா கையிலிருந்த தட்டைத் திரும்ப ஒரு தடவை தேய்த்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் வங்கி நாட்காட்டியைப் புரட்டினாள். ஜூன் பதினாறு, உலக வீட்டுவேலைத் தொழிலாளர் நாள். வருஷா வருஷம் அவள் கையாலேயே எழுதிய வரிதான். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வீட்டுவேலைக்கு ஓடியிருக்கிறாள். இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. போதாததற்கு அன்றைய மன்றாட்டுகள் இவளுடைய ஜெபக்குழுவின் முறை.

திருப்பலிப் பூசையில், மறையுரை என்னும் பிரசங்கத்துக்குப் பின்னால் நாலைந்து மன்றாட்டுகள் வாசிப்பார்கள். ஒவ்வொன்று முடிந்ததும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை பதில் சொல்ல வேண்டும். இந்தப் பங்கின் சபை அதில் பலே கெட்டி. என்ன வாசிக்கிறார்கள் என்று காதில் வாங்காமலே பதில் சொல்லிவிடும். ஒரு தடவை வாசிக்க வந்தவர் கை தவறி அறிவிப்புத் தாளை எடுத்து, "வாசலை மறித்து வண்டிகளை நிறுத்த வேண்டாம்" என்று வாசித்தார். அதற்கும் சபை ஒரே குரலில், ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. பங்குத்தந்தை சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் பேச்சில் இருக்கிறது.

முதலில் அவள் எழுதியது எல்லாரும் எழுதுவதுதான். வீடுகளில் உழைக்கும் பெண்களுக்கு இறைவன் ஆறுதலும் மனபலமும் தர வேண்டும் என்று. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தாள். கோபம் வந்தது. ஆறுதல் யாருக்கு வேண்டும்? லீவு கொடுக்க வேண்டியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, கடவுளிடம் மனபலம் கேட்பானேன்? தாளைக் கிழித்துப் போட்டு, புதுத் தாளில் எழுதினாள். ஒரே மூச்சில் வந்தது.

மன்றாட்டுகளை வெள்ளிக்கிழமையே டீச்சரம்மாவிடம் காட்டித் திருத்த வேண்டும், அது பங்கின் வழக்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சிவப்புப் பேனா இல்லாமல் அவரால் கடிதம்கூடப் படிக்க முடியாது. முதல் மூன்றையும் தாண்டி நான்காவதுக்கு வந்ததும் பேனா நின்றது. 'வாரத்தில் ஒரு முழு நாள், ஞாயிற்றுக்கிழமையன்று' என்ற வார்த்தைகளை அடித்துவிட்டு, மேலே 'போதிய' என்று எழுதினார்.

"மன்றாட்டுன்னா பொதுவா இருக்கணும்" என்றார்.

"பொதுவாக் கேட்டா பொதுவாத்தான் கெடைக்கும் டீச்சர்."

"சரி, ஒரு நாள்னே வெச்சுக்கோ. அது ஞாயித்துக்கிழமையா இருந்தாத்தான் ஆச்சா? புதன்கிழமை எடுத்துக்கோயேன்."

"புதன்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துல கேட்டைத் திறக்க மாட்டாங்க."

டீச்சரம்மா பேனாவுக்கு மூடி போட்டார். "உண்மையச் சொல்லணும்னா, ஞாயித்துக்கிழமை எனக்கு வேலைன்னு ஒண்ணுமே கெடையாது. மத்த நாள்ல தபால்காரர் வருவார், பழைய பசங்க யாராவது வருவாங்க. ஞாயித்துக்கிழமை நீ வரலேன்னா எனக்குப் பேச ஆள் இல்ல."

காலண்டரக்காவுக்கு இது தெரியாது. இத்தனை வருஷமாக, துடைத்த அலமாரியையே திரும்பத் துடைக்கச் சொல்வது வீம்பு என்று நினைத்திருந்தாள். பாவமாக இருந்தது. ஒரு நொடி மனசு இளகியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எனக்கும் பேச ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா டீச்சர்" என்றாள்.

டீச்சரம்மா தாளை நீட்டினார். "நான் திருத்தினது திருத்தினதுதான். முடிவை ஃபாதர்கிட்ட விட்டுடறேன்."

சனிக்கிழமை மாலை, பூசை உடைகள் வைக்கும் அறையில் பங்குத்தந்தையிடம் தாளைக் கொடுத்தாள். இளவயதுக்காரர், இரண்டு பக்கமும் மனம் நோகக் கூடாதே என்று நினைக்கிறவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை மே ஒண்ணாம் தேதியே சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்குத் தட்டு கழுவிட்டிருந்தேன் ஃபாதர்."

அவர் முகம் சிறுத்துப்போயிற்று. திரும்பவும் தாளைப் படித்தார். "'எங்களுக்குத் தந்தருள'ன்னு எழுதியிருக்கீங்க. எங்களுக்குன்னா, அதுல நானும் உண்டுதானே?"

"ஆமா ஃபாதர். உங்க சமையக்காரம்மாவும் ஏழு நாளும்தான் வர்றாங்க."

"நாளைக்குக் காலைல சொல்றேன்" என்று தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிரவு அவள் உறங்கியதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை முடிவு செய்திருந்தாள். தாள் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, மனப்பாடமாகச் சொல்லிவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு முன்னால் தாள் திரும்பி வந்தது. சிவப்பு மைக்கு மேலே பென்சிலால், 'பழையபடியே வாசிக்கவும்' என்று எழுதியிருந்தது.

பின்வரிசையிலிருந்து எழுந்து வாசக மேடைக்குப் போனாள். முதல் மூன்று மன்றாட்டுகள் திருச்சபைக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் நோயாளிகளுக்கும். சபை வழக்கம்போல் பதில் சொன்னது. பாடகர் குழுவில் ஒலிவாங்கியைப் பிடித்துப் பதிலை எடுத்துக்கொடுப்பவர் மருந்துக்கடையம்மாதான், நல்ல சாரீரம் அவருக்கு. காலண்டரக்கா நான்காவதை வாசித்தாள்.

"எங்களை அன்பு செய்யும் ஆண்டவரே, எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கு, வாரத்தில் ஒரு முழு நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, ஓய்வு கொடுக்கும் நல்ல மனதை, அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் எங்களுக்குத் தந்தருள வேண்டுமென்று, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக்..." என்று மருந்துக்கடையம்மா எடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குரல் அந்த இடத்தில் அறுந்துபோனது. ஆனால் சபை நிற்கவில்லை, அது என்றைக்கு நின்றிருக்கிறது? "கேட்டருளும்" என்று நானூறு பேரும் முடித்துவைத்தார்கள். பின்வரிசையில் சில்வண்டும் மற்றவர்களும் கொஞ்சம் கூடுதலாகவே முழங்கினார்கள். பீடத்தில் நின்ற பங்குத்தந்தையும் சத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் டீச்சரம்மாவின் உதடு அசைந்ததை மேடையிலிருந்தவள் பார்த்தாள்.

திருப்பலி முடிந்ததும் அவள் நேரே வேலைக்குப் போனாள். அன்றைக்கும் மருந்துக்கடைக்காரர் வீட்டில் எட்டுப் பேர் விருந்து. வீட்டம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் போனபிறகு அடுப்பங்கரைக்கு வந்தார்.

"நாலு பேர் முன்னாடி எங்கள அசிங்கப்படுத்திட்டியே. நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"உங்க பேரை நான் சொல்லலம்மா. எங்களுக்குன்னுதான் வாசிச்சேன்." கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமைலேருந்து நான் வரமாட்டேம்மா. சனிக்கிழமையே கூட ரெண்டு மணி நேரம் நின்னு எல்லாத்தையும் முடிச்சு வெச்சிடறேன். நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டீங்க. அவர் பதில் சொல்ற வரைக்கும் என் பொண்ணு வளராம நிக்காது. அதான் பதிலை நானே சொல்லிடறேன்."

"அப்படின்னா நாளைக்கும் வரவேணாம். வேற ஆள் பாத்துக்கறேன்."

"சரிம்மா" என்றாள். தெருவுக்கு வந்தபிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வீடு போய்விட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்காமல் நடையை எட்டிப் போட்டாள்.

திங்கட்கிழமை மருந்துக்கடையம்மா சில்வண்டைக் கூப்பிட்டு அனுப்பினார். சில்வண்டு போனாள், வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "வரேம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் வரமாட்டேன். நேத்துக் கோயில்லயே முடிவாயிடுச்சே" என்றாள். செவ்வாய்க்கிழமை இன்னொருத்தி வந்தாள், அவளும் அதையே சொன்னாள். புதன்கிழமை வந்தவள் அந்தக் கோயிலுக்கே போகாதவள். அவளுக்கும் சேதி எப்படியோ எட்டியிருந்தது. சில்வண்டு இருக்கும் ஊரில் அதற்கு ஒலிபெருக்கியா வேண்டும்?

வியாழக்கிழமை காலை காலண்டரக்கா பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரரே வந்து நின்றார். மூன்று நாள் பாத்திரம் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. "வீட்டுக்கு வந்துடும்மா" என்றார்.

"ஞாயித்துக்கிழமை?"

அவர் பலகையின் இரண்டு வரியையும் மேலிருந்து கீழே படித்தார், வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல். "அதான் எல்லாருமாச் சேர்ந்து கேட்டுட்டோமே. இனிமே இல்லேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார்.

வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை. சனிக்கிழமை, கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்று வேலையெல்லாம் முடித்து இவள் கிளம்பும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்குப் பஸ்?" அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. அன்று மாலை டீச்சரம்மா ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். உள்ளே புது நோட்டும் ஒரு பெட்டி வண்ணப் பென்சிலும். "திரும்பி வந்து என்ன நடந்துதுன்னு எனக்குச் சொல்லணும். திங்கக்கிழமை வெள்ளனவே வா."

ஞாயிறு பத்து மணிக்கு அவள் பள்ளி வாசலில் நின்றாள். பிள்ளை ஓடி வரவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மெதுவாக வந்தவள், அம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். வளர்ந்திருந்தாள், பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அழக் கூடாது என்று பஸ் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்த தாய்க்குக் கண் நிறைந்தது. பைகளை மண்ணில் வைத்தாள், கை இரண்டும் வேண்டியிருந்தது. ஜனவரியில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொன்னாள்.

'உண்டு. ஒவ்வொரு ஞாயிறும்.'

பிள்ளை நம்பவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அம்மாவுக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள், 'யார் குடுத்தாங்க?'

காலண்டரக்கா யோசித்தாள். ஆண்டவர், பங்குத்தந்தை, மருந்துக்கடைக்காரர், சில்வண்டு, நானூறு பேர். யாரைச் சொன்னாலும் பொய்யில்லை. ஆனால் கை தானாக உயர்ந்து தன் நெஞ்சில் பதிந்தது.

பதினொரு மணிக்குப் பெற்றோர் வகுப்பு. வழக்கமாக எங்கே போனாலும் பின்வரிசை தேடுகிறவள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.